அண்ணிக்குத் தனி டம்ளர் தேவையா?

கேள்வி: என் அண்ணிக்குத் தொழுநோய் என்று தெரிந்து மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. அம்மா அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். முகம் வேறு கறுத்துக்கொண்டே வருகிறது. எனக்கு இது எட்டாம் மாதம். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். குழந்தையை அண்ணி தூக்கலாமா?

பதில்: தாராளமாகத் தூக்கலாம். ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, தொட்டுத் தூக்கினாலோ ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை இது. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகினால், மூக்கு, வாய் வழியாக வரும் நீர்த்திவலைகளால் பரவலாம். அப்போதும் பெரும்பாலானோரின் உடம்பு கிருமியைத் தானே அடக்கிவிடும். உங்கள் அண்ணியோ மூன்று மாதமாக மருந்து சாப்பிடுகிறார். அவரிடமிருந்து இனி பரவாது.

முகம் கறுப்பது க்ளோஃபாசிமின் மாத்திரையின் வேலை. மருந்து முடிந்த பிறகு மெல்ல மெல்ல மாறிவிடும். நோய் முற்றுகிறதோ என்று பயந்து நடுவில் நிறுத்திவிடக் கூடாது. தேமல் ஐந்துக்குள் இருந்தால் பொதுவாக 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம்.

சரி, டம்ளருக்கு வருவோம். எனக்கும் அதில் ஒரு கவலை உண்டு: அது சுடுவது அண்ணியின் விரலுக்குத் தெரிகிறதா? விரல்கள் அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்துப்போவதால் சுட்டதும் வெட்டியதும் தெரியாமல், புண் எலும்புவரை இறங்கித்தான் விரல் குறுகிப்போகிறது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் கையைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடிக்கவே கூடாது. தேமல் திடீரென்று சிவந்து வீங்கினாலோ, முழங்கை நரம்பு வலித்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் தேமலை வருடக்கணக்கில் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தவர்கள். எதற்கு என்று கேட்டால், இந்தத் தனித் தட்டுக்குப் பயந்துதான். அதற்குள் விரல்கள் மடங்கிப்போயிருக்கும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டில் எல்லோரும் தோலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அம்மாவும்தான். இந்தக் கிருமி மெதுவாகப் பெருகுவது; அறிகுறி தெரிய சராசரியாக 5 வருடம், சிலருக்கு 20 வருடம்கூட ஆகும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்கு, முன்னெச்சரிக்கையாக ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை கொடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுப்பதில்லை, அதனால் உங்களுக்கு மட்டும் பிரசவம் முடியட்டும்.