நோகாத பருவைக் காட்ட வேண்டுமா? தோல் வைத்தியர் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பல, மணல் ஈ கடிப்பதால் வரும் லீஷ்மேனியாசிஸ் பற்றியவை. அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டொக்டர், என் கணவர் அரிவு வெட்டு மெசினோடு முல்லைத்தீவுப் பக்கம் போய் வருகிறவர். முழங்கைக்குக் கீழே ஒரு சிவந்த பரு வந்து மூன்று மாதமாகிறது. நோவும் இல்லை, அரிப்பும் இல்லை. வேப்பெண்ணெய் பூசுகிறோம். காட்டத்தான் வேண்டுமா? (சாவகச்சேரி)

பதில்: கட்டாயம் காட்டுங்கள் அம்மா, இந்தக் கிழமையே. நோவில்லை என்று ஆட்கள் மாதக்கணக்கில் பொறுத்திருப்பதுதான் இந்த நோயில் எனக்குப் பெரிய கவலை. நுளம்பு கடித்த தடிப்பு சில நாளில் மறைந்துவிடும். சூட்டுக் கட்டி என்றால் பழுத்து நோகும். மணல் ஈ கடித்த இடத்தில் சில கிழமையோ சில மாதமோ கழித்துத்தான் பரு தெரியும். அது மெதுவாகப் பெருத்து, நடுவில் பொருக்குக் கட்டிப் புண்ணாகும். முகம், கை, கால் என உடுப்பு மூடாத இடங்களில்தான் அதிகம் வரும்.

இலங்கைக்குள்ளேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் இனங்காணப்பட்டார். 2008 முதல் இது சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்க வேண்டிய நோய். அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் அதிகம், வன்னியிலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் வீடு, வன்னியில் வேலை என்று இருப்பவர்களுக்கு இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

புண்ணின் ஓரத்தைச் சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். நோய் உறுதியானால் புண்ணிலேயே கிழமைக்கு ஒரு ஊசி, அல்லது திரவ நைதரசனால் உறைய வைத்தல். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் பல கிழமை போக வேண்டிவரும். ஒரு கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும், தெரியும். அதற்காகப் புண் காய்ந்தவுடன் நிறுத்திவிட வேண்டாம். வேலை செய்யும் இடத்துக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியில் தொடரலாமா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள். வேப்பெண்ணெய் தோலுக்குள் இருக்கும் கிருமியை எட்டாது.

கேள்வி: அண்ணாவுக்கு இந்த நோய் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளை அவரிடம் விடலாமா? (சுன்னாகம்)

பதில்: தாராளமாக. தொட்டால் ஒட்டாது. தட்டு, துவாய், படுக்கை எதையும் பிரிக்க வேண்டாம். தொழுநோய் என்று யாராவது கதைத்தால், இல்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: மகன் கனடாவிலிருந்து வந்து ஒட்டுசுட்டானில் எங்கள் காணியில் ஒரு மாதம் நின்றவர். திரும்பிப் போனபின் கன்னத்தில் புண். அன்ரிபயோட்டிக் போட்டும் ஆறவில்லையாம். (பருத்தித்துறை)

பதில்: அங்குள்ள குடும்ப வைத்தியர் இந்தப் புண்ணைக் கண்டிருக்கவே மாட்டார். எந்த மாதம், எந்த ஊரில் நின்றார் என்பதைச் சொல்லி, வெப்பமண்டல நோய்க் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேட்கச் சொல்லுங்கள். சவூதியில் வேலை செய்து திரும்பியவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்குள்ள கிருமி வேறு இனம், வைத்தியமும் மாறலாம். வைத்தியர் கேட்காவிட்டாலும் போன இடங்களைச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தியாவில் உயிரைக் கொல்லும் கலா அசார் இதுதானா? (நல்லூர்)

பதில்: இரண்டுக்கும் காரணம் லீஷ்மேனியா டொனொவானி என்ற ஒரே இனக் கிருமி. 1903இல் சென்னையில் அதைக் கண்டவர்தான் டொனொவன் என்ற வைத்தியர். கலா அசாரில் அது உள்ளுறுப்புகளைப் பிடிக்கும், இங்கு பெரும்பாலும் தோலோடு நிற்கிறது. உள்ளுறுப்புகளைப் பிடிப்பது அரிது. கிழமைக்கணக்கில் காய்ச்சல், உடல் மெலிவு, வயிற்றின் இடப்பக்கம் வீக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: நுளம்பு வலை போதாதா? (கொடிகாமம்)

பதில்: சாதாரண வலை போதாது. மணல் ஈ 2–3 மில்லிமீற்றர்தான், வலைக் கண்ணுக்குள்ளால் நுழைந்துவிடும். மருந்து ஊட்டிய வலை நல்லது. பின்னேரம் இருட்டும் நேரம் தொடங்கி விடியும்வரை கடிக்கும். நீளக் கை, நீளக் காற்சட்டை போடுங்கள். அது பலமாகப் பறக்காது, அதனால் மின்விசிறிக் காற்றும் உதவும். டெங்குக்குச் செய்வதுபோல் தேங்கிய தண்ணீரை ஊற்றிவிட்டால் இது குறையாது. ஈரமண், சருகுக் குவியல், சாணிக் கழிவு போன்ற இடங்களில்தான் பெருகும். வயல் கொட்டிலில் தங்கினால் மாட்டுப் பட்டிக்கும் புற்றுக்கும் தள்ளிப் படுங்கள்.