மகாதமனியில் சுண்ணாம்பு படிந்தவருக்குப் பைபாஸ்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. இதயத்தில் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு. மகாதமனி முழுக்கக் கால்சியம் படிந்திருப்பதால் பைபாஸ் ஆபத்து என்கிறார்கள். அடைப்பு இதயத்தில்தானே, மகாதமனிக்கு என்ன சம்பந்தம் டாக்டர்?

பதில்: நேரடிச் சம்பந்தம் உண்டு. இதயத்திலிருந்து உடலெங்கும் ரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய குழாய்தான் மகாதமனி. காலிலிருந்து எடுக்கும் சிரையின் ஒரு முனையை அடைப்பைத் தாண்டி இதயத் தமனியில் தைக்கிறோம். மறுமுனைக்கு ரத்தம் வர, வழக்கமாக மகாதமனியில் துளை போட்டு இணைப்போம். அதற்கு அதன் சுவரைக் கிளாம்ப் என்னும் இடுக்கியால் கவ்வ வேண்டும். சுவர் பீங்கான் போல இறுகியிருந்தால், கவ்வும்போதோ விடும்போதோ ஒரு துணுக்கு பெயர்ந்து ரத்தத்தோடு மூளைக்குப் போகலாம். அதுதான் பக்கவாதம். இதற்காகப் பைபாஸையே கைவிட வேண்டியதில்லை. மகாதமனியில் கை வைக்காமல் செய்யும் வழியை முதலில் கேளுங்கள்.

கேள்வி: கை வைக்காமல் எப்படிச் சாத்தியம்?

பதில்: மார்பெலும்பின் உட்புறம் இரு பக்கமும் ஒவ்வொரு தமனி இறங்குகிறது. கைக்குப் போகும் பெரிய தமனியிலிருந்து கிளைப்பவை அவை. மேல்முனையை அப்படியே விட்டுவிட்டு, கீழ்முனையை மட்டும் வெட்டி இதயத்தில் இணைக்கலாம். மூன்றாவது குழாய்க்கு, கால் சிரையையோ முன்கைத் தமனியையோ மார்புத் தமனியின் பக்கவாட்டில் 'ஒய்' வடிவில் தைக்கிறோம். தலைமுடியைவிட மெல்லிய நூல், கண்ணில் உருப்பெருக்கி. ஒரு தையல் இழுபட்டால்கூட இணைப்பின் வாய் சுருங்கிவிடும். அறுவையின்போது இதயத்தின் வேலையைச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்துக்கும் மகாதமனியில் குழாய் செருக வேண்டியிருக்கும் என்பதால், இதயம் துடிக்கும்போதே செய்வது நல்லது. குறையும் உண்டு: ஒன்றுக்கு மேற்பட்ட ஒட்டுகள், அதாவது புதிதாக இணைத்த குழாய்கள், ஒரே மார்புத் தமனியை நம்பியிருக்கும். அது மெலிந்ததாக இருந்தால் நான் இந்த வழிக்குப் போகமாட்டேன். தோள்பட்டை அருகேயுள்ள தமனியிலிருந்து சிரையைக் கொண்டுவருவேன்.

கேள்வி: அறுவை நடக்கும்போது விரலால் தொட்டுப் பார்த்தே முடிவெடுப்பார்கள் என்கிறார்களே?

பதில்: விரல் போதாது. கல்லாய் இறுகியது விரலுக்குத் தெரியும். அதிக ஆபத்தான மெத்தென்ற கொழுப்புப் படிவு தெரியாது. மார்பைத் திறந்ததும் மகாதமனியின் மேலேயே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். சுத்தமான இடம் கிடைத்தால், கிளாம்ப் இல்லாமலேயே துளையை உள்ளிருந்து அடைத்துக்கொண்டு சிரையைத் தைக்க உதவும் கருவிகள் இருக்கின்றன. இந்த ஸ்கேன் வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: கால் சிரை எத்தனை ஆண்டு தாங்கும்?

பதில்: அறுவை மருத்துவர் ரெனே ஃபவலோரோ 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் தொடங்கிய இந்தச் சிரை முறை இன்றும் நிற்கிறது. ஆனாலும் பத்து ஆண்டுகளில் சிரைகளில் ஏறக்குறைய பாதி அடைபடுகின்றன. இடது மார்புத் தமனியில் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கின்றன. சிரையைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து, அழுத்தி ஊதிப் பார்க்காமல் எடுத்தால் கூடுதலாக உழைக்கிறது. ஆஸ்பிரினையும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையையும் தாமாக நிறுத்தவே கூடாது.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய், உடல் பருமனும் உண்டு. இரண்டு மார்புத் தமனிகளையும் எடுக்கலாமா?

பதில்: தயங்குவேன். மார்பெலும்புக்கு ரத்தம் குறைந்து புண் ஆறாமல் போகலாம். இடது தமனியோடு ஒரு சிரையை 'ஒய்' ஆக இணைப்பதே இவருக்குப் பொருத்தம்.