ஏழாயிரம் வெள்ளி சைக்கிள் வாங்கினால் நண்பர்களோடு ஒட்டிப் போகலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிய நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளோடு ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் போவோம். சந்து சந்தாகச் சுற்றுவோம். நான் எங்கேயாவது உட்கார்ந்து படம் வரைவேன், அவர்கள் அரட்டை அடிப்பார்கள், அப்புறம் சேர்ந்து பசியாறிவிட்டுத் திரும்புவோம். போன வருடம் மூன்று பேர் வேகமாக ஓடும் ரோட் பைக் சைக்கிள் வாங்கினார்கள். அதிலிருந்து பினாங்குத் தீவைச் சுற்றுவதுதான் பேச்சு. வாட்ஸ்அப்பில் எந்நேரமும் வேகக் கணக்கு. நான் வரைய நின்றால் முகம் சுளிக்கிறார்கள். “நீயும் ஒரு நல்ல சைக்கிளா வாங்குடா” என்கிறார்கள். 7,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒன்று பார்த்து 200 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டேன், மீதி தவணை. இதற்கிடையில் அந்த மூவரில் ஒருவன், சூலியா ஸ்திரீட் பக்கம் தன் மாமா திறக்கப்போகும் கஃபேயின் வெளிச்சுவரில் ஓவியம் வரைந்து தரச் சொல்கிறான். “நம்ம ஆளுதானே” என்பதால் காசுப் பேச்சே இல்லை. சைக்கிளை வாங்கட்டுமா, இல்லை குழுவை விட்டுவிடட்டுமா? வரைகிற வேறு ஆட்களோடு சேரலாம் என்றால், அவர்கள் தங்களுக்குள் ஹொக்கியன் சீனம் பேசுகிறார்கள். கூச்சமாக இருக்கிறது.
ச., பட்டர்வொர்த்

பதில்: தம்பி, சைக்கிளை வாங்க வேண்டாம். குழுவையும் விட வேண்டாம்.

அந்த சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத் தவணை என்றால் வட்டியோடு மாதம் 300 வெள்ளிக்கு மேல் போகும். முதல் ஞாயிறு அவர்களோடு ஒட்டி ஓட்டுவீர்கள். பத்து ஃபெரிங்கி பக்கம் கடல் தெரிகிற ஒரு வளைவு வரும், பேனாவை எடுக்கத் தோன்றும், நிற்பீர்கள். அவர்கள் முகம் சுளிப்பார்கள். சைக்கிள் மாறியும் சுளிப்பு மாறவில்லையே என்று அப்போது நினைத்து என்ன பயன்? உங்கள் கடிதத்தை இரண்டாம் முறையும் படித்தேன். “அவர்கள் வேகத்துக்கு என்னால் ஓட்ட முடியவில்லை” என்று எங்கேயும் நீங்கள் எழுதவில்லை. “நான் வரைய நின்றால்” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நிற்கிறீர்கள், அவர்கள் நிற்பதில்லை. இதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் புறப்பட்டு பத்து ஃபெரிங்கி, தெலுக் பாஹாங், பாலேக் பூலாவ், தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் என்று ஒரு சுற்று வந்தால் 70 கிலோமீட்டருக்குக் குறையாது. தெலுக் பாஹாங் அணைக்கட்டைத் தாண்டியதும் தித்தி கெராவாங் ஏற்றம். பாலேக் பூலாவை விட்டுத் தெலுக் கும்பார் போக இன்னொரு ஏற்றம். நம் ஊரில் விடிவதே ஏழு, ஏழேகாலுக்கு. பத்து மணிக்கெல்லாம் ரோடு கொதிக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் மலை இரண்டையும் முடிக்கக் கணக்குப் போட்டு மிதிக்கிறவனிடம் “அரை மணி நேரம் நில்லு, இந்தப் படகை வரைஞ்சிட்டு வந்திடறேன்” என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். கால் ஆறிய பிறகு ஏற்றம் ஏறிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

வரைகிறவனுக்கும் அதே நேரம்தான் வேண்டும், சிக்கலே அதுதான். எட்டு மணி வெயில் கடைவீடுகள் மேல் சாய்வாக விழும்போதுதான் ஜன்னல் பலகையும் தூணும் கடை முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையின் இருட்டும் தனித்தனியாகத் தெரியும். வெயில் மேலே ஏறிவிட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். கார்கள் வேறு வந்து நின்று பாதிக் கட்டிடத்தை மறைத்துவிடும். ஆக, ஒரே மூன்று மணி நேரத்துக்கு இரண்டு தரப்பு அடித்துக்கொள்கிறது. பிரித்துக்கொள்ளுங்கள்.

ஃபெரியில் சேர்ந்தே வாருங்கள். இப்போதுள்ள ஃபெரியில் கார் ஏறாது. மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் பேசுவதற்கு ரொம்ப வசதி. துறையில் இறங்கியதும் பிரியுங்கள். அவர்கள் கர்னி டிரைவ் வழியாகத் தஞ்சோங் தோக்கோங் போய்த் திரும்பட்டும், ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அது போதாதென்றால் இரண்டு சுற்று. நீங்கள் நேராக குவீன் ஸ்திரீட் போங்கள். ஒன்பதரைக்கு லிட்டில் இந்தியாவில் எல்லாரும் பசியாறக் கூட வேண்டும். ஒரே கடை, ஒரே நேரம், மாற்றக் கூடாது. அந்த நேரத்துக்கு நீங்கள் பேனாவை மூடிவிட்டு மேசையில் இருக்க வேண்டும். படம் பாதியில் நின்றால் நிற்கட்டும், அடுத்த வாரம் அதே இடத்தில் உட்காருங்கள். இவ்வளவு நாளாக அவர்களைக் காக்க வைத்தது நீங்கள். முதலில் நீங்கள்தான் நேரத்துக்கு வந்து காட்ட வேண்டும்.

எங்கே உட்காருவது என்று தேடியே பலருக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஒரு மாதம் ஒரே வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குவீன் ஸ்திரீட்டில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலின் கோபுரம் இருக்கிறது. அதில் உள்ள சிலை ஒவ்வொன்றையும் வரையப் போனால் பொழுது போய்விடும். மொத்த உருவத்தை மட்டும் பிடித்து, கீழே பூக்கடைக்காரர் ஒருவரை நிறுத்தினால் போதும். இரண்டு எட்டு நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில். அங்கே ஊதுபத்திப் புகையும் புறாக்களும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்கள். ஆர்மேனியன் ஸ்திரீட் பக்கம் மட்டும் போகாதீர்கள். லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012-இல் நிஜ சைக்கிளைச் சுவரோடு பொருத்தி இரண்டு பிள்ளைகளை அதில் ஏற்றி வைத்தாரே, அதன் முன்னால் படம் எடுக்க நிற்கும் வரிசையில் உங்கள் சைக்கிளை நகர்த்தச் சொல்லியே உயிரை வாங்கிவிடுவார்கள். ஓடாத சைக்கிளுக்கு இருக்கிற மரியாதை ஓடுகிற சைக்கிளுக்கு இல்லை.

சரி, அவர்கள் தீவைச் சுற்றுகிற ஞாயிறு? அன்றைக்கு உங்கள் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃபெரியில் அவர்களோடு வந்து, பாலேக் பூலாவுக்கு ரேபிட் பினாங்கு பஸ் ஏறுங்கள். மலையை ஏறி அவர்கள் வந்து சேர்வதற்குள் உங்களுக்கு நல்ல நேரம் கிடைக்கும். பழைய கடைவரிசை, சந்தை, கொஞ்சம் நடந்தால் தோட்டமும் துரவும். அவர்கள் வந்ததும் சேர்ந்து லக்சா சாப்பிடலாம். அந்த ஊர் லக்சாவுக்காகவே பினாங்கு முழுக்க ஆள் வருகிறது. வியர்த்து ஒழுகி வருகிறவர்களை வரைய இதைவிட நல்ல தருணம் கிடைக்குமா? தங்கள் முகம் உங்கள் புத்தகத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு எத்தனை பேர் சுளிக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு அதே காலையில் யாரும் தீவைச் சுற்றக் கூடாது. நீங்களும் கூடாது, தொழிற்சாலையில் வேலை செய்கிற உங்கள் நண்பர்களும் கூடாது. தித்தி கெராவாங் ஏற்றத்தில் தூக்கம் வராது. அந்தப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும்போதுதான் கண் சொருகும். எதிரே லோரி வரும். விடிவதற்கு முன்னால் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். கறுப்புச் சட்டை வேண்டாம்.

இருக்கிற சைக்கிளைப் பற்றி நீங்கள் விவரம் எழுதவில்லை. மேடு பள்ளம் போட்ட மவுண்டன் பைக் டயராக இருந்தால், ஊர் ரோட்டில் பாதிச் சக்தியை அதுவே தின்றுவிடும். வழுவழுப்பான டயர் இரண்டு மாற்றுங்கள், நூற்றுச் சொச்சம் வெள்ளிக்குள் முடியும். காற்றை வாரா வாரம் பார்த்து, டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவுக்குள் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும், அந்த உயரத்துக்கு சீட்டை ஏற்றுங்கள். நம்மில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டி வலிக்கிறது என்று புலம்புகிறோம். கடல் காற்று பட்ட சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போடாமல் வைத்தால் துரு பிடிக்கும். ஃபெரியில் வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இவ்வளவையும் செய்துவிட்டு, மூன்று மாதம் கழித்தும் வேகம் போதவில்லை என்று உங்களுக்கே தோன்றினால், அப்போது சேர்த்து வைத்த காசில் வாங்குங்கள். அது நண்பர்களுக்காக வாங்குவதாக இருக்காது.

இன்னொன்று. நீங்கள் ஆறு பேர் என்கிறீர்கள். மூன்று பேரிடம் ரோட் பைக், நீங்கள் ஒருவர். மீதி இரண்டு பேர்? கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களும் பழைய சைக்கிளில்தானே பின்னால் வந்துகொண்டிருக்கிறார்கள்? வேகக் கணக்கு ஓடுகிற வாட்ஸ்அப்பில் வாயைத் திறக்க வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கலாம். அவர்களிடம் முதலில் பேசுங்கள். நீங்கள் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பது தப்புக் கணக்காகக்கூட இருக்கலாம்.

வரைகிறவர்களோடு சேர்வதில் கூச்சம் என்கிறீர்கள். பினாங்கில் இருந்துகொண்டு ஹொக்கியனுக்குக் கூச்சப்பட்டால் எப்படி, தம்பி? சந்தையில் மீன் வாங்குகிற நம் ஆட்கள் எத்தனை பேர் அதில் பேரம் பேசுகிறார்கள்! ஜாலான் குருட்வாராவில் ஹின் பஸ் டிப்போ இருக்கிறது. பழைய பஸ் டிப்போவை 2014-இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். மேலே நான் சொன்ன அதே ஸகாரெவிச்சின் கண்காட்சிதான் அங்கே முதலில் நடந்தது. ஞாயிறு சந்தையில் தங்கள் படத்தையும் அட்டையையும் தாங்களே விற்கிற இளைஞர்களை அங்கே பார்க்கலாம். பசியாறிவிட்டு அப்படியே போங்கள். போய்ப் பேச்சுக் கொடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஓரமாக உட்கார்ந்து புத்தகத்தை விரித்தால் போதும். வரைகிறவனை இன்னொரு வரைகிறவன் எட்டிப் பார்க்காமல் போகமாட்டான். என்ன பேனா, என்ன தாள் என்று கேட்பான். அதற்கு மலாய் போதும். அந்த உலகத்தில் தமிழன் அபூர்வம் என்றும் நினைக்காதீர்கள். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து மலேசிய ஓவியத்தில் பெயர் வாங்கிய சையட் தாஜுதீன் சின்ன வயதில் வளர்ந்தது பினாங்கில்தான்.

அடுத்து அந்தச் சுவர். இதில் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். சூலியா ஸ்திரீட் வட்டாரம் 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே வெளிச்சுவரில் வரைய மாமாவின் தலையாட்டல் போதாது, மாநகர் மன்ற அனுமதி வேண்டும். கடை வாடகைக் கடையாக இருந்தால் கட்டிடக்காரரின் சம்மதமும் வேண்டும். அனுமதி வாங்குவது கடைக்காரர் வேலை, உங்கள் வேலை இல்லை. காகிதம் கையில் வரும் வரை தூரிகையைத் தொடாதீர்கள். பழைய கடைவீட்டுச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புப் பூச்சு. ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடுகிற சுவர் அது. அதன் மேல் சாதாரண எமல்ஷன் பெயிண்டை அடைத்துப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உங்கள் ஓவியம் பூச்சோடு சேர்ந்து உரிந்து விழும். அப்போது “நம்ம ஆளு” என்ற பேச்சு இருக்காது. சுவர் என்ன சுவர் என்று தெரியாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்சுவராக இருந்தால் தேவலை என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

காசு விஷயத்தில், நண்பனுக்காகக் கூலியைக் குறைக்கலாம், அது உங்கள் இஷ்டம். பெயிண்ட், தூரிகை, ஏணி வாடகை எதுவும் உங்கள் பையிலிருந்து போகக் கூடாது. முதலில் ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள், அதில் இரண்டு தடவை திருத்தம், அதற்கு மேல் இல்லை. கீழே உங்கள் கையெழுத்து இருக்கும். இதை நண்பனிடம் பேசாமல் மாமாவிடமே நேராகப் பேசி, சுருக்கமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடை வாடகைக்கும் மேசை நாற்காலிக்கும் காசு கொடுக்கிறவர் சுவருக்கு மட்டும் ஏன் கொடுக்க மாட்டார்? கொடுக்க மாட்டேன் என்றால் வேலை இல்லை. நண்பன் இரண்டு வாரம் முறைப்பான். முறைக்கட்டும்.

நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்றால், வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், அங்கே எழுதினால் பஞ்சாயத்து ஆகிவிடும். அடுத்த ஞாயிறு தோசை வந்து எல்லார் வாயும் வேலையாக இருக்கும்போது சொல்லுங்கள்: “டேய், நீங்க ஓட்டுங்க, நான் வரையிறேன். ஒன்பதரைக்கு இதே மேசை.” விளக்கம் கேட்டால் மட்டும் விளக்குங்கள்.

முன்பணம் 200 வெள்ளி போய்விட்டதே என்று அதற்காகவே மீதி 6,800-ஐ இழுத்து விட்டுக்கொள்ளாதீர்கள். ரசீதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே கடைக்குப் போங்கள், கூட்டம் இல்லாத வார நாளில். பணமாகத் திருப்பிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். “சைக்கிள் இப்போது வேண்டாம், அந்தக் கணக்கில் இரண்டு டயரும் விளக்கும் கொடுத்து, பழைய சைக்கிளை சர்வீஸ் செய்து தர முடியுமா?” என்று கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் அதற்கு ஒத்துக்கொள்வார்கள்.