வாசகர் கேள்வி - பதில்: உடோ தண்டு

கேள்வி: டோக்கியோவில் வசிக்கிறோம். வசந்த காலக் காய்கறிகளோடு வெள்ளை வெளேரென்று நீள நீளமாக உடோ என்ற ஜப்பானியக் காய்கறிச் செடியின் தண்டு வருகிறது. நறுக்கினால் கொஞ்ச நேரத்தில் பழுப்பேறிவிடுகிறது. வாயில் வைத்தால் ஒரே துவர்ப்பு. என்ன செய்வது?

பதில்: தோலை மேலாகச் சீவியிருப்பீர்கள். துவர்ப்பும் நாரும் தோலுக்கு அடியில்தான் இருக்கின்றன. 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, வெட்டிய பக்கத்தைப் பாருங்கள்; தோலை ஒட்டி ஒரு வளையம் தெரியும். அது போகும்வரை, 2-3 மி.மீ. கனத்துக்குச் சீவ வேண்டும். சீவியதை உடனே வினிகர் தண்ணீரில் போடுங்கள் (1 லிட்டருக்கு 2 மேஜைக்கரண்டி). வாழைத்தண்டை மோரில் போடுகிற அதே காரணம்தான்: காற்றுப் பட்டால் கறுக்கும், புளிப்பு அதைத் தடுக்கும். 10 நிமிடம் போதும். அதிகம் ஊறினால் மணம் போய்விடும், உடோவில் மணம்தானே விசேஷம்!

வெள்ளை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) 2 பங்கு, வினிகர் 1, சர்க்கரை 1 கலந்து, தண்டைப் பச்சையாகவே பிசறிச் சாப்பிடலாம். சீவிய தோலை எறியாதீர்கள். மெல்லியதாக அரிந்து, நல்லெண்ணெயில் மிளகாய், சோயா சாஸ், துளி சர்க்கரையோடு வதக்கினால் சோற்றுக்கு ஆகும். நுனிக் கொழுந்து தெம்புராவுக்கு (மாவில் தோய்த்துப் பொரிப்பது). மிச்சத் தண்டைச் செய்தித்தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் பச்சை ஏறி முற்றிவிடும்.

கேள்வி: மலையில் பறிக்கும் உடோ பச்சையாக இருக்கிறதே, கடையில் மட்டும் ஏன் வெள்ளை?

பதில்: இருட்டில் வளர்ப்பதால். செடியைக் கோடை முழுக்க வயலில் விட்டு வேர்க்கட்டையைத் தேற்றுகிறார்கள். பனியில் இலை காய்ந்தபின் தோண்டியெடுத்து, தரைக்கு அடியில் சுமார் 3 மீட்டர் ஆழத்தில் உள்ள நிலவறையில் நெருக்கி அடுக்குகிறார்கள். டோக்கியோவில் தாச்சிகாவா இதற்குப் பேர்போன இடம். ஒளி இல்லாததால் பச்சையம் உண்டாவதில்லை. தண்டும் இளசாகவே நிற்கிறது. குளிர் உறக்கம் முடியாத கட்டையை உள்ளே வைத்தால் முளை சரியாக வராது.

கேள்வி: இதன் வேர் மூட்டுவலிக்கு மருந்தாமே? வீட்டில் கஷாயம் வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். ஜின்செங் குடும்பத்தைச் சேர்ந்த இதன் வேர், வலிக்கும் வாதத்துக்கும் கிழக்காசிய மருத்துவத்தில் நெடுநாளாகப் புழங்குவது உண்மை. ஜப்பானில் ‘தொக்கத்சு’ என்பது உடோ வேர். அந்தப் பெயரை எழுதும் அதே எழுத்துகளைச் சீனர்கள் ‘து ஹுவோ’ என்று வாசிப்பார்கள். ஆனால் அங்கே அது கொத்தமல்லிக் குடும்பத்து வேறொரு வேர். சீன மருந்துச் சீட்டை ஜப்பானியக் கடையில் நீட்டினால் வேறு சரக்கு கைக்கு வரலாம். பொட்டலத்தில் தாவரப் பெயர் ‘அராலியா’வா (உடோ) ‘ஏஞ்சலிகா’வா (சீன வேர்) என்று பார்த்து, மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்குங்கள்.