ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் எட்சிங்கை (மெழுகு பூசிய செப்புத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தால் அரிக்கவைத்து அச்சிடும் முறை) விட்டுவிட்டு மரச்செதுக்குக்கு (மரப்பலகையில் வெட்டி அச்சிடும் முறை) ஏன் போனார்?

1920இல் பெர்லின் கண்காட்சியில் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்ததுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி செப்புத் தகட்டிலேயே இருக்கிறது.

எட்சிங்கில் திருத்திக்கொண்டே போகலாம். பிடிக்காத கோட்டைச் சுரண்டித் தேய்த்து, மறுபடி மெழுகு பூசி, மறுபடி அமிலத்தில் இறக்கலாம். 'உழவர் போர்' தொடரில் (7 படங்கள், 1908இல் முடிந்தது) அவர் இதை உச்சிவரை கொண்டுபோனார். 'வெடிப்பு' படத்தில் மென்மெழுகின் மேல் துணியை வைத்து அழுத்தி, அதன் நெசவையே நிழலாக்கியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு திருத்தத்திலும் தகடு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். கருமை சேறாகும், முகம் பின்னணியில் கரையும். நுணுக்கம் கூடக் கூட ஓங்கி அடிக்கும் வலு குறையும்.

லீப்னெக்ட் நினைவுப் படத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். 1919 ஜனவரி 15 அன்று ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்னெக்ட் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து, பிணவறையில் அவர் உடலைப் பார்த்து கோல்விட்ஸ் வரைந்தார். முதலில் எட்சிங் செய்தார், சரிவரவில்லை. அடுத்து லித்தோ (கல்லில் கொழுப்புக் கரிக்கோலால் வரைந்து அச்சிடும் முறை), அதுவும் திருப்தி தரவில்லை. கடைசியில்தான் மரப்பலகை. அதில் உடல் கிடைமட்டமாகக் கிடக்கிறது, மேலே குனிந்த கூட்டம். கருப்புக்குள் முகங்களும் கைகளும் வெள்ளையாகத் துலங்குகின்றன. ஒருவரின் பெரிய கை பிணத்தின் நெஞ்சில் படிந்திருக்கிறது. கண் நேராக அங்கேதான் போகும்.

மரத்தில் தொடாத இடமெல்லாம் கருப்பாக அச்சாகும், உளி பட்ட இடம் மட்டும் வெள்ளை. தவறாக வெட்டிவிட்டால் அந்த இடத்தைத் தோண்டி வேறு துண்டு பொருத்துவதைத் தவிர வழியில்லை. விட்டுவைக்கும் கோட்டின் அடியில் உளி புகுந்து குடைந்துவிட்டால், பிரஸ்ஸின் அழுத்தத்தில் அந்தக் கோடு உடையும். வெட்டு ஆழமில்லாமல் இருந்தாலோ மை அதை அடைத்துவிடும். படத்தில் எழுத்து வந்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பித்தான் வெட்ட வேண்டும், லீப்னெக்ட் படத்தின் அடியில் உள்ள வரியும் அப்படி வெட்டியதுதான். இத்தனை கட்டுப்பாடும் சேர்ந்துதான் அவரைத் தேவையில்லாததையெல்லாம் கழிக்க வைத்தது. 'போர்' தொடரின் 7 மரச்செதுக்குகள் இதன் நேரடிப் பலன். 1914இல் போரில் இறந்த மகன் பீட்டரை, 'தொண்டர்கள்' படத்தில் முரசடிக்கும் சாவின் உருவத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார்.

ஒரு சின்னக் குறிப்பு: மரத்துக்குப் போன பிறகும் லித்தோவை அவர் விடவே இல்லை. 'இனி ஒருபோதும் போர் வேண்டாம்' சுவரொட்டி (1924) லித்தோதான். பிரதிகள் நிறைய வேண்டுமென்றால் கல்தான் வசதி. கொழுப்புக் கரிக்கோலால் தாளில் வரைந்து கல்லில் அழுத்தி மாற்றினால் படம் இரண்டுமுறை புரண்டு நேராகவே வரும், எழுத்தைத் திருப்பி எழுதும் தலைவலி இல்லை. ஒரே குறை, தாள் கொழுப்பு முழுவதையும் கல்லுக்கு விடாது. மெல்லிய சாம்பல் நிழல்கள் காணாமல் போகும்.

'தாய்மார்' என்ற ஒரே கருவை எடுத்து வரிசையாகப் பாருங்கள். 1919இல் லித்தோ: பெண்கள் பக்கம் பக்கமாக நிற்கிறார்கள். 'போர்' தொடரின் மரச்செதுக்கில் குழந்தைகளை நடுவில் வைத்து ஒரே கருப்புக் கட்டியாக நெருங்கிவிட்டார்கள். 1937-38இல் அதே கட்டியைச் சிற்பமாக்கினார், 'தாய்மார் கோபுரம்' என்று. அந்தச் சிற்பத்தின் வடிவம் மரத்தில் உளி பட்டபோதே வந்துவிட்டது என்பது என் கருத்து.