‘பாட்டி, உட்காருங்க’: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பினாங்கில் ஓர் அரசு மருத்துவமனையில் 36 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 60 வயதில் ஓய்வுபெற்றேன். சென்ற மாதம் கொம்தாரில் பேருந்து ஏறியபோது கல்லூரி மாணவன் ஒருவன் எழுந்து, “பாட்டி, உட்காருங்க” என்றான். நான் உட்காரவில்லை. முட்டி வலியோடு வீடு வரை நின்றுகொண்டே வந்தேன். இருபது ஆண்டுகளாகத் தலைக்குச் சாயம் பூசி வந்தவள் நான். உச்சந்தலை தடித்து அரிக்கத் தொடங்கியதால் மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். இப்போது பாதி வெள்ளை, பாதி கறுப்பு. நான்கு மாதத்தில் தங்கை மகளுக்குத் திருமணம். “படத்தில் நீ மட்டும் தனியாத் தெரிவ” என்கிறாள் தங்கை. கேட்கும் சொற்பொழிவுகளிலெல்லாம் ‘வயது வெறும் எண்தான்’ என்கிறார்கள். என் முட்டி அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. முதுமையைத் தன்னம்பிக்கையோடு ஏற்பது என்றால் என்ன?

பின்குறிப்பு: போன வாரம் நள்ளிரவில் பக்கத்து வீட்டுச் சீனர் “மிஸ்ஸி, மிஸ்ஸி” என்று கதவைத் தட்டினார். இனிப்புநீர் நோயாளியான அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது. சீனி கரைத்துக் கொடுத்துச் சரிசெய்தோம்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது), பினாங்கு

*

அன்புள்ள சகோதரிக்கு,

நானும் உங்கள் முட்டியின் பக்கம்தான். ‘வயது வெறும் எண்’ என்று மேடையில் சொல்பவர் யாராக இருந்தாலும், கூட்டம் முடிந்தபின் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். அந்தக் கைப்பிடியை மறைத்துக்கொண்டு பேசுவதால்தான் அந்தப் பேச்சு நம்மிடம் ஒட்டுவதில்லை.

வெறும் எண் என்று ஒன்று இருக்குமானால், அது நம்முடைய பணிக் கோப்பில் எழுதப்பட்ட ஓய்வு வயதாகத்தான் இருக்கும். நீங்கள் வேலையில் சேர்ந்த காலத்தில் மலேசிய அரசு ஊழியருக்கு 55 வயதில் முதுமை வந்தது. 2001இல் அது 56க்கும், 2008இல் 58க்கும், 2012இல் 60க்கும் தள்ளிப்போனது. உங்களோடு ஒரே வார்டில் இரவுப் பணி பார்த்த மூத்த தாதியர், பிறந்த ஆண்டைப் பொறுத்து, சிலர் 55இலும் சிலர் 58இலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். அவர்களுடைய முட்டிகளுக்கு இந்தச் சுற்றறிக்கைகள் எதுவும் தெரியாது. ஆகவே எண் வேறு, வயது வேறு என்று பிரித்துக்கொள்ளலாம். எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்; வயதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

தலைமுடியை முதலில் முடித்துவிடுகிறேன், அது எளிது. கறுப்பு முடி வெள்ளையாக மாறுவதில்லை. முடி தோலைவிட்டு வெளியே வந்தபோதே உயிரற்றது. வேரிலுள்ள நிறமி உயிரணுக்கள் ஓய்ந்தபின் புதிதாக முளைக்கும் முடிதான் வெண்மையாக வருகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால், திருமணத்துக்குள் இன்னும் நான்கு சென்டிமீட்டர் வெள்ளை கூடியிருக்கும், அவ்வளவுதான். குட்டையாக வெட்டிக்கொண்டால் இரட்டை நிறம் பெரும்பாலும் போய்விடும். வெட்ட மனமில்லையென்றால் கொண்டை போட்டுப் பூ வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தங்கையின் வற்புறுத்தலுக்காக ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதைத் தொட வேண்டாம். சாயத்தில் ஒவ்வாமை உண்டாக்கும் பிபிடி என்ற அதே வேதிப்பொருள் அதிலும் பெரும்பாலும் கலந்திருக்கிறது. அசல் மருதாணி செம்மையைத் தருமேயன்றிக் கறுப்பைத் தராது. தாதிக்கு மருந்து சொல்லும் துணிச்சலை மன்னியுங்கள்.

‘பாட்டி’ என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அதுதான் உங்களைக் குத்தியிருக்கிறது, குத்தியதில் வியப்பில்லை. பெண்ணின் பருவங்களைத் தமிழ் ஏழாக வகுத்தது: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஐந்து வயதில் தொடங்கும் இந்த வரிசையை எங்கே முடித்தார்கள் தெரியுமா? பாட்டியல் எனப்படும் செய்யுள் இலக்கண நூல்களின் கணக்கின்படி பேரிளம்பெண்ணின் வயது 32 முதல் 40 வரை. அதற்குமேல் பெயரில்லை. உலா என்ற இலக்கிய வகைக்காகவே இந்த வரிசை பெரிதும் பயன்பட்டது. வீதியில் பவனி வரும் தலைவனைக் கண்டு ஏழு பருவப் பெண்களும் மயங்குவார்கள் என்பது அதன் ஏற்பாடு. நாற்பதைத் தாண்டியவள் அப்படியெல்லாம் வளை கழன்று நிற்கமாட்டாள் என்று புலவர்கள் கருதினார்கள் போலும். ஒரு வகையில் அது அவளுக்குப் பெருமைதான். ஆனாலும் 62 வயதுப் பெண்ணொருத்தி தன் வாழ்வின் கடைசி 22 ஆண்டுகளை மொழி எண்ணிப்பார்க்காத இடத்தில் வாழ்ந்திருக்கிறாள் என்று நினைக்கும்போது, அந்தப் பையனிடம் வேறு சொல் இல்லாமல் போனதும் புரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் இன்று வசையாகக்கூடப் பயன்படுத்தும் ‘கிழவன்’ என்ற சொல், ‘கிழத்தி’யோடு சேர்ந்து, தொல்காப்பியத்தில் காதலிக்கும் இளந்தலைவனையும் தலைவியையும் குறிக்கிறது. கிழமை என்றால் உரிமை. கிழத்தி என்றால் உரிமை உடையவள். சொல்லாராய்ச்சியால் முட்டி வலி தீராது என்பதை அறிவேன். ஆனால் வயதோடு உரிமையை இணைத்துப் பார்த்தால், உங்கள் கேள்விக்கு நான் சொல்ல நினைக்கும் பதில் கிடைக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். அறுபது கடந்தபின்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கோலாலம்பூரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ‘வார்கா எமாஸ்’ என்ற மூத்த குடிமக்களுக்கான முகப்பைப் பார்க்காதவள்போல நீண்ட வரிசையில் போய் நிற்பேன். அந்த முகப்பில் நின்றால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று எண்ணம். ஒருநாள் இடுப்பு வலி தாங்காமல் அங்கே போய் நின்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நிம்மதியைவிட ஏமாற்றம்தான் எனக்குச் சற்று அதிகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரவில் நெடுஞ்சாலையில் காரோட்டுவதை விட்டதும் அப்படித்தான். எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசச்செய்கிறது என்று மகனிடம் சொல்ல ஓராண்டு பிடித்தது. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. என் அளவில் ஏற்றுக்கொள்வது என்பது இதுதான்: எது போயிற்று என்பதை வாய்விட்டுச் சொல்வது, அதற்கு ஈடாகக் கிடைக்கும் உதவியைக் கேட்டு வாங்குவது. ஆயிரம் நோயாளிகளிடம் “தனியா எழுந்திருக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க” என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். கூப்பிட்டவர்களை நீங்கள் தாழ்வாக நினைத்ததுண்டா?

இருந்தாலும், உங்களுக்கு வலிப்பது வெள்ளை முடியோ ‘பாட்டி’யோ மட்டுமல்ல என்றே எனக்குப் படுகிறது. இந்நாட்டில் தாதியை ‘மிஸ்ஸி’ என்கிறோம். பயிற்சிக்கு வந்த இருபது வயதுப் பெண்ணும் மிஸ்ஸி, ஓய்வுபெறப்போகும் மூத்தவரும் மிஸ்ஸி. 36 ஆண்டுகள் உங்களுக்கு இருந்தது வயது ஏறாத ஒரு பெயர். சீருடையோடு அதையும் கழற்றி வைத்த பிறகு, காண்பவர்களுக்கு உங்களிடம் தெரிவது வயது மட்டுமே. நம் சமூகமோ ஓய்வுபெற்ற பெண்ணுக்கு இரண்டே வேலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறது: பேரப்பிள்ளை பார்ப்பது, திருமணத்தில் அட்சதை தூவுவது. இரண்டும் நல்ல வேலைகள்தான். ஆனால் இரண்டுக்கும் நீங்கள் கற்ற எதுவும் தேவையில்லை. முதுமை உங்கள் மீது சுமத்தும் உண்மையான அவமதிப்பு இதுவென்றே கருதுகிறேன், இதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பையன் மறுபடி எழுந்து இடம் கொடுத்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள்; ‘பாட்டி’ பிடிக்கவில்லையென்றால் ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வான். திருமணப் படத்தில் தனியாகத் தெரிந்தால் தெரியட்டும்.

நீங்கள் பின்குறிப்பில் தள்ளிவிட்ட செய்தியைத்தான் நான் மூன்று முறை படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அந்த நேரத்தில் உங்கள் கதவைத்தான் தட்டியிருக்கிறார், பழைய பெயரால்தான் அழைத்திருக்கிறார். அந்த இரவைப் பற்றி விரிவாக எழுதி அனுப்புங்கள்: வியர்வையைக் கண்டதும் எதை வைத்துச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று முடிவுசெய்தீர்கள், எவ்வளவு சீனி கரைத்தீர்கள், எவ்வளவு நேரம் அருகில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதெல்லாம் வேண்டும். வயதான பெற்றோரோடு தனியாக இருக்கும் பிள்ளைகள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். பெயர் போட விருப்பமில்லையென்றால் ‘மிஸ்ஸி’ என்று மட்டும் போட்டு வெளியிடுகிறேன்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து