நிலவில் ஒரு வளவு: மொழி தெரியாத ஆறு பேருக்கு வீடு வரைவது எப்படி?

கேள்வி: பாளையங்கோட்டையில் கட்டடக்கலை படிக்கிறேன். கல்லூரிப் போட்டிக்காக, நிலவில் ஆறு பேர் 60 நாள் தங்கும் வீட்டை வரைகிறேன். ஆறு பேரும் முன்பின் அறியாதவர்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. அறிவிப்புப் பலகைகளை எத்தனை மொழியில் எழுதுவது? மாதிரியில் நிலவு மண்ணுக்குப் பதிலாக எங்கள் பக்கத்துச் செம்மணலான தேரி மணலைப் பயன்படுத்தலாமா?

பதில்: பலகையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மூச்சு முட்டும் நேரத்தில் தன் தாய்மொழியில் எழுதியிருந்தாலும் யாரும் நின்று வாசிக்கமாட்டார்கள். சொல்ல வேண்டியதைக் கதவும் கைப்பிடியும் வழியுமே சொல்லிவிட வேண்டும்.

முதலில் வீட்டின் உடம்பு. நம் ஊரில் சுவரின் வேலை கூரையைத் தாங்குவது. நிலவில் வெளியே காற்றே இல்லை. உள்ளே பூமியின் காற்றழுத்தத்தை வைத்தால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 10 டன் விசை வெளிப்பக்கமாகத் தள்ளும். மேலே 3 மீட்டர் நிலவு மண்ணைக் கொட்டினாலும், அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான் என்பதால், அது சதுர மீட்டருக்கு 0.85 டன் அளவுக்கே அழுத்தும். அதனால் இந்த வீடு இடிந்து விழுவதைவிட வெடித்துத் திறக்கவே பார்க்கும். தட்டைச் சுவரும் சதுர மூலையும் வேண்டாம். லாரி டியூபைப் போல உருண்டையாக யோசியுங்கள். 5 மீட்டர் விட்டமுள்ள உருளையின் ஒரு முனையில் மட்டும் 200 டன் விசை விழும். முனைகளைக் கும்மட்டமாக வளையுங்கள். காற்று இறங்கிவிட்டால் மண்ணின் எடையைத் தாங்க உள்ளே ஒரு சட்டமும் தேவை. மாணவர் வரைபடங்களில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

மண் எதற்கு? கதிர்வீச்சைத் தடுக்க. நிலவின் தரையில் ஒரு நாளைக்குச் சுமார் 1.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு விழுவதாகச் சீனாவின் சாங் இ-4 ஆய்வுக்கலம் அளந்தது. பூமியில் இயற்கையாக நமக்குக் கிடைப்பது ஓர் ஆண்டுக்கே சராசரியாக 2.4 மில்லிசீவர்ட்தான். மண் வெப்பத்தையும் நன்றாகத் தடுக்கும். 2023 ஆகஸ்டில் தரையிறங்கிய சந்திரயான்-3 இன் சாஸ்டே என்ற வெப்பமானிக் கருவி, மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேலும், வெறும் 8 செ.மீ. ஆழத்தில் மைனஸ் 10 டிகிரியும் காட்டியது.

நீண்ட பயணங்களுக்கு நாசா வல்லுநர்கள் வகுத்த குறைந்தபட்சப் புழங்கிடம் ஆளுக்கு 25 கன மீட்டர். ஆறு பேருக்கு 150. கருவிகளுக்கும் அதே அளவு ஒதுக்கினால், 5 மீட்டர் விட்டமும் 8 மீட்டர் நீளமும் உள்ள இரண்டு உருளைகள் போதும். ஒரே பெரிய உருளையாக ஆக்கிவிடாதீர்கள். ஒன்றில் ஓட்டை விழுந்தால் ஓடிப்போக இன்னொன்று வேண்டும்.

இனி ஆட்கள். இதற்குத் திருநெல்வேலிச் சீமையிலேயே நல்ல பாடம் இருக்கிறது: வளவு. ஒரு வாசலுக்குள் பல குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு. கிணறும் முற்றமும் பொது. கதவுக்கு வெளியே திண்ணை. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் பேசவும் வேண்டியதில்லை, ஒதுங்கவும் வேண்டியதில்லை. நாலு பேர் கண்ணில் படும்படி சும்மா இருக்கலாம். பேச்சில்லாத ஆறு பேருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஒவ்வொரு தனியறை வாசலிலும் 45 செ.மீ. அகலத்தில் ஒரு திண்ணை விடுங்கள். கதவு சாத்தியிருந்தால் "விட்டுவிடு". திண்ணையில் இருந்தால் "பக்கத்தில் வரலாம்". ஆறு அறைகளும் அளவிலும் வெளிச்சத்திலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கட்டும். ஓர் அறை கொஞ்சம் பெரிதாக இருந்தால் மனத்தாங்கல் வரும்; சமாதானம் சொல்லப் பேச்சு இல்லையே.

ஆளுக்கொரு அடையாளம் கொடுத்து, அதையே கதவு, குவளை, மூச்சு முகமூடி, விண்வெளி உடை எல்லாவற்றிலும் பொறியுங்கள். நிறம் மட்டும் போதாது. நிறக்குருடு உள்ளவர் இருக்கலாம், விளக்கும் அணையலாம். கையுறையோடு தடவினாலும் தெரியும் புடைப்பு வடிவங்கள் நல்லவை: வட்டம், முக்கோணம், சதுரம், அலை, நீள்பட்டை, நடுவில் குழிந்த வளையம். சிலுவை, பிறை, விலங்குப் படங்களைத் தவிருங்கள். எண்ணும் வேண்டாம்: 4 என்றால் சீனர்க்கும் ஜப்பானியர்க்கும் சாவின் ஒலி, நம்மில் பலருக்கு 8 ஆகாது. செய்முறைப் படங்களை மேலிருந்து கீழாக அடுக்குங்கள். இடமிருந்து வலமாக வைத்தால் அரபு வாசிப்பவர் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்.

தலையசைப்பையும் நம்பாதீர்கள். நாம் பக்கவாட்டில் ஆட்டிச் சொல்லும் "சரி" பலருக்கு "இல்லை". காட்டியதைத் திரும்பச் செய்து காட்டுவதே ஒப்புதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அபாயம் மூன்று வகை: தீ, காற்றழுத்தம் இறங்குதல், நச்சு வாயு. மூன்றுக்கும் மூன்று விதமாக ஓடச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே பதில் வையுங்கள்: முகமூடியை எடு, வழிகாட்டும் கயிற்றைப் பிடி, அடுத்த உருளைக்குப் போ, கதவைச் சாத்து. காற்று குறையக் குறைய ஒலி மங்கும். எனவே சங்கொலியோடு விளக்கின் துடிப்பும் தரையின் அதிர்வும் சேர வேண்டும். கயிற்றில் சுரங்கங்களில் உள்ளதுபோல் கூம்புகளைக் கோத்துவிடுங்கள். கை வழுக்கிப் போனால் தப்பும் திசை, தடுத்தால் எதிர்த்திசை. புகையில் கண் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும்.

இரண்டு உருளைக்கும் நடுவே இரட்டைக் கதவு தேவை, பக்கத்துக்கு ஒன்று. அழுத்தம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து சட்டத்தில் போய் அமரும் கதவைக் காற்றே இறுக்கிச் சாத்தும். எந்தப் பக்கம் ஓட்டை விழும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால்தான் இரண்டு. ஆனால் இதில் ஒரு கொடிய ஆபத்தும் உண்டு. 1967 ஜனவரி 27 அன்று அமெரிக்க விண்கலமான அப்பல்லோ 1 தரைச் சோதனையில் தீப்பிடித்தபோது, உள்நோக்கித் திறக்கும் கதவை உள்ளே ஏறிய அழுத்தம் திறக்கவிடவில்லை, மூவர் இறந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் அழுத்தத்தைச் சமன்செய்யும் வால்வும், திறக்கலாம் என்று காட்டும் பச்சைப் பகுதி குறித்த முள்மானியும் கட்டாயம்.

ஆக்ஸிஜன், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் முனைகள் ஒன்றில் மற்றொன்று பொருந்தவே கூடாது. ஆஸ்பத்திரி சிலிண்டர்களில் வாயுவுக்கு வாயு ஊசித்துளைகள் இடம் மாறியிருப்பது இதற்காகத்தான். மாற்றும் பாகங்களுக்கு நேர்மாறான விதி: இரு உருளைகளிலும் ஒரே வடிகட்டி. 1970இல் அப்பல்லோ 13இல் ஒரு கலத்தின் கரியமில வடிகட்டி சதுரம், மற்றதன் துளை வட்டம். அட்டையும் ஒட்டுநாடாவும் வைத்து இணைத்துத்தான் உயிர் தப்பினார்கள்.

தேரி மணல் வேண்டாம். காற்றில் உருண்டு மழுங்கிய மணல் அது. நிலவுத் தூசிக்குக் காற்றும் நீரும் பட்டதில்லை, முனை கூராகவே இருக்கும். 1972இல் அப்பல்லோ 17இன் விண்வெளி வீரர் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கடைப்பும் தும்மலும் வந்தது அதனால்தான். தூசி உள்ளே வராமலிருக்க, விண்வெளி உடைகளை வெளிச்சுவரிலேயே தொங்கவிட்டு, உடையின் முதுகுப்பக்கத் திறப்பு வழியாக வீட்டுக்குள் வரும்படி வரையுங்கள். மாதிரிக்கு ஜல்லி ஆலையின் கிரஷர் தூசி பொருந்தும். நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

கடைசியாகச் சோதனை. மொட்டை மாடியில் சுண்ணாம்பால் முழு அளவில் கோடு போட்டு, அட்டைக் கதவுகளும் கயிறும் வையுங்கள். தமிழ், ஒடியா, வங்காளம் என்று வெவ்வேறு மொழி பேசும் கட்டடத் தொழிலாளர்களை அன்றைய கூலி கொடுத்து அழையுங்கள். உங்கள் ஊரிலேயே காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் இருக்கின்றன. அங்கே படித்து முடித்த பெரியவர்கள் இருவர் வந்தால் நாம் கவனிக்காத பிழையெல்லாம் வெளியே வரும். யாரும் எதையும் விளக்காமல் விளக்கைத் துடிக்கவிட்டு, ஒவ்வொருவர் கையும் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி ஓடவிடுங்கள். மூன்று முறை மாற்றியும் தயக்கம் தீராத இடத்தில் மட்டும் பலகை வையுங்கள்: தடைக்குக் குறுக்குக்கோடிட்ட சிவப்பு வட்டம், எச்சரிக்கைக்கு மஞ்சள் முக்கோணம், தப்பும் வழிக்குப் பச்சைச் சதுரம்.